எங்கள் வீட்டில் பிறந்த தலைவர்

தலைவர் எங்கள் வீட்டில் பிறந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். நான் முன்னறையில் உட்கார்ந்து ஒரு தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். இந்த வேலையில் செம்புக் கம்பியை எத்தனை சுற்று சுற்றுகிறோம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே வர வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு, அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நூற்றுப் பன்னிரண்டாவது சுற்றில் வாசலில் மூன்று கார்கள் வந்து நின்றன.

முதலில் இறங்கியவர் தன்னைக் கட்சியின் வரலாற்றுக் குழுச் செயலாளர் என்று சொல்லிக்கொண்டார். பின்னால் இருவர், ஒருவர் கையில் அளவு நாடா, இன்னொருவர் கையில் கேமரா. செயலாளர் வீட்டைப் பார்க்கவே இல்லை. தெருவின் அகலத்தைத்தான் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"வாழ்த்துக்கள் அண்ணே. நம்ம தலைவர் பிறந்த வீடு இதுதான்னு குழு ஏகமனதா முடிவு பண்ணியிருக்கு."

"இல்லைங்க, இது நான் பிறந்த வீடு" என்றேன்.

"அப்படியா? நீங்களுமா?" என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. நான் ஏதோ வேறொருவருக்கு ஒதுக்கிய இருக்கையில் துண்டு போட்டுவிட்ட மாதிரி.

தலைவர் எங்கே பிறந்தார் என்பது ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவருடைய அப்பா பதினாறு பஸ்களுக்கு முதலாளி. மணிக்கூண்டு எதிரே இருந்த தனியார் ஆஸ்பத்திரியில், குளிரூட்டிய மூன்றாம் நம்பர் அறையில் தலைவர் பிறந்தார். அந்தச் சந்தோஷத்தில் அன்று பதினாறு பஸ்களும் டிக்கெட் இல்லாமல் ஓடின. என் அப்பாவே அதில் ஓசியில் ஏறி வேலைக்குப் போயிருக்கிறார். அதற்கு நாலு நாள் முன்னால்தான் இந்த வீட்டில் நான் பிறந்திருந்தேன்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில எல்லாரும்தான் பிறக்கறாங்க அண்ணே. தலைவர் எதுக்கு அங்க பிறக்கணும்? எதிர்க்கட்சிக்காரங்களுக்கு ஒரு குடிசை இருக்கு. போன தேர்தல்ல அந்தக் குடிசையக் காட்டியே ஜெயிச்சுட்டாங்க. நம்மகிட்ட கொடி இருக்கு, கொள்கை இருக்கு, கார் இருக்கு. குடிசை மட்டும்தான் இல்ல."

"அதுக்கு என் வீடுதான் கெடைச்சுதா?"

"நாப்பத்தோரு வீடு பார்த்தோம். வறுமை இருக்கற இடத்துல வண்டி நிறுத்த இடமில்ல. வண்டி நிறுத்த இடமிருந்தா வறுமை இல்ல. ரெண்டும் சேர்ந்து அமைஞ்சது உங்க வீடு ஒண்ணுதான். உங்களுக்கு அது பெருமைதானே?"

உள்ளிருந்து என் மனைவி தலையை நீட்டினாள். "எத்தனை நாளைக்கு?"

"மூணே நாள் தங்கச்சி. ஒரு போட்டோ, ஒரு வீடியோ. தலைவர் வந்து ஒரு தடவ அழுதுட்டுப் போயிடுவார். அவ்வளவுதான்."

நான் சரி என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த ஒரு நிமிட ஊமைத்தனத்துக்கு என்னை நானே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் வறுமைத் தர மதிப்பீட்டுக் குழு என்று ஐந்து பேர் வந்தார்கள். நாலு பக்கப் படிவம். சுவருக்கு இத்தனை மதிப்பெண், தரைக்கு இத்தனை, கூரைக்கு இருபது. தட்டிப் பார்த்தார்கள், சுரண்டிப் பார்த்தார்கள், என் மனைவியின் பாத்திரங்களைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார்கள். கடைசியில் எங்கள் வீடு நூற்றுக்கு அறுபத்திரண்டு வாங்கியது. தேர்ச்சிக்கு எழுபத்தைந்து வேண்டுமாம். பிறந்ததிலிருந்து வறுமையிலேயே இருந்துவிட்டு அந்தப் பாடத்திலேயே ஃபெயிலானது எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

மதிப்பெண்ணைக் குறைத்தவை மின்விசிறி, பீரோ, மகளின் புத்தக அலமாரி, போன வருஷம் நானே அடித்த நீல நிறச் சுவர். குழுவின் நிபுணர் சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த நீலம் ரொம்ப நம்பிக்கையா இருக்கே. இது ஆகாது."

சுவரைச் சுரண்ட எட்டு ஆட்கள் வந்தார்கள். விசிறியைக் கழற்றினார்கள். என் கையால் காயில் கட்டிய விசிறி அது, பதினொரு வருஷமாக ஒரு சத்தம் போட்டதில்லை. பீரோ பக்கத்து வீட்டுக்குப் போனது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகங்களோடு அவள் சித்தி வீட்டுக்குப் போனாள்.

கூரை விஷயம்தான் பெரிய கூத்து. சமையலறைப் பக்கம் பன்னிரண்டு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. மனுப் போட்டுப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, நானே தார் பூசிப் பார்த்து ஓய்ந்துபோன ஒழுகல். நிபுணர் அதை அண்ணாந்து பார்த்தார். "இது கேமராவுக்குத் தெரியாது" என்று சொல்லி அரை மணி நேரத்தில் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார். பிறகு கூடத்தின் நடுவில், நன்றாக இருந்த கூரையில், இரண்டு பொறியாளர்கள் மேற்பார்வையில் புதிதாக ஓர் ஓட்டை போட்டார்கள். லாரியில் தண்ணீர் கொண்டுவந்து மேலே ஊற்றிச் சோதனை நடந்தது. மூன்று வினாடிக்கு ஒரு சொட்டு விழ வேண்டும் என்பது கணக்கு.

"ஏங்க மூணு வினாடி?" என்று கேட்டேன்.

"அதைவிட வேகமா விழுந்தா அரசாங்கத்து மேல தப்புன்னு தோணும். மெதுவா விழுந்தா வறுமையே தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும், அதுதான் நம்ம கட்சியோட நிலைப்பாடு" என்றார் நிபுணர்.

மூன்று நாள் மூன்று வாரமானது. கூடத்துக்குப் 'பிறந்த அறை' என்று பலகை வைத்தார்கள். நானும் மனைவியும் படுக்கையறைக்கு நகர்ந்தோம். இரண்டு நாளில் அது 'பசித்த அறை' ஆனது. சமையலறைக்கு நகர்ந்தோம். அடுப்பை அணைத்து வெளியே வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கம்பி போட்டு அதைச் 'சிறைச்சாலை' ஆக்கினார்கள். தலைவர் மக்களுக்காக இரண்டு நாள் சிறையில் இருந்தவர். அதில் மூன்று மணி நேரம் போக மீதி நேரம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

"நெஞ்சுவலியோட சிறை அண்ணே. வெறும் சிறையைவிட அது எவ்வளவு கொடுமை!" என்றார் செயலாளர். சிறைச்சாலைக்குள் மெத்தை போட்ட கட்டில் வந்தது.

கொல்லைப் பக்கம் குளியலறைக்குப் போகும் சின்ன நடை 'கொள்கைப் பாதை' ஆனது. தலைவர் இதுவரை இருந்த நாலு கட்சிகளின் கொடிகளும் அங்கே கயிற்றில் தொங்கின.

"நாலு கட்சி மாறினதையா பெருமையா மாட்டறீங்க?" என்று என் மனைவி கேட்டேவிட்டாள்.

"தலைவர் எப்பவும் கட்சி மாறினது இல்ல தங்கச்சி. அவர் நின்ன இடத்துலயேதான் நின்னார். கட்சிங்கதான் ஒவ்வொண்ணா அவரைவிட்டு விலகிப் போச்சு. அதான் எல்லாக் கொடியும் உருளையில மாட்டியிருக்கோம். நாளைக்கு எது முன்னாடி வரணுமோ அதை இழுத்தா போதும்."

அதன் பிறகு நாங்கள் கொல்லையில் தகரக் கொட்டகைக்குப் போனோம். அங்கே கார் ஓட்டுநர்களுக்கு ஓய்வறை வந்தது. எழுந்து மனைவியின் தம்பி வீட்டு மாடிப்படிக்கு அடியில் போய் ஒண்டினோம். உட்கார்ந்தால் எழுப்புகிறார்கள், எழுந்தால் நகர்த்துகிறார்கள். தெருமுனையில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முயன்றேன். இருபது சுற்றுக்கு மேல் எண்ணிக்கை நிற்கவில்லை. கட்டிய மோட்டார்கள் புகைந்து திரும்பி வந்தன. வீட்டைத் திரும்ப வாங்கி ஒரு மூலையில் காலை நீட்டி உட்கார வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையில் வரலாற்றுக் குழுவுக்கு ஒரு சிக்கல் வந்தது. தலைவரின் தாயார் உயிரோடு இருந்தார். பஸ் முதலாளியின் பெரிய வீட்டில் தனியாக இருந்த அந்த அம்மாள், 'அவங்க வீட்டு வாசலைக்கூட நான் மிதிச்சதில்ல, அங்க எப்படிப் பிள்ளை பெத்திருப்பேன்?' என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாராம்.

"அப்ப விட்டுட வேண்டியதுதானே?" என்றேன், ஆசையாக.

"எதுக்கு? அம்மா இல்லாமலே பார்த்துக்கலாம். வரலாற்றுல அம்மாவுக்கு அவ்வளவு பங்கு கிடையாது" என்றார் செயலாளர். அப்படிச் சொல்லிக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த என் அம்மாவின் படத்தின் முன்னால் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்த முகத்துல வறுமை என்னமா இருக்கு! யாரு இவங்க?"

எனக்கு அப்போது புத்தி எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மருந்துக் கம்பெனியில் பாட்டில் கழுவினாள். சாயங்காலம் வந்ததும், "நான் கம்பெனியிலயே சாப்பிட்டுட்டேன்டா" என்று தன் பங்கையும் எனக்கு வைத்துவிடுவாள். அவள் செத்த பிறகு கூட வேலை செய்த ஒரு அக்கா வந்து சொன்னாள், அந்தக் கம்பெனியில் யாருக்கும் ஒருநாளும் சாப்பாடு போட்டதே இல்லை என்று. செயலாளர் குறிப்பேட்டை மூடிவிட்டு என் தோளைத் தட்டினார். நல்ல மனுஷன் என்றே நினைத்துவிட்டேன்.

மறுநாள் படத்தின் கீழே பித்தளைத் தகடு இருந்தது. 'தலைவரின் தாய்.'

திறப்பு விழாவுக்குத் தெரு கொள்ளாத கூட்டம். தலைவர் பிறந்த அறைக்குள் போனார், சொட்டும் தண்ணீரைக் கையில் ஏந்தினார், என் அம்மா படத்தின் முன்னால் விம்மி விம்மி அழுதார். பிறகு மேடை ஏறினார்.

"எங்கம்மா பாட்டில் கழுவினா! கம்பெனியிலயே சாப்பிட்டுட்டேன்டா கண்ணான்னு சொல்லிட்டு என் தட்டுல போடுவா. அவ செத்த பிறகுதான் தெரிஞ்சுது, அந்தக் கம்பெனியில சோறே போடலைன்னு! அந்தப் பசி இன்னும் எனக்கு அடங்கல. நாலு கட்சிக்குப் போனேன்னு கேலி பேசறாங்க. பசிச்சவன் ஒரே வீட்லயா சாப்பிடுவான்? நான் அமைச்சரா இருந்தப்ப கட்டின பாலம் விழுந்துடுச்சுங்கறாங்க. பாலம் விழும்! நான் விழுந்தேனா? மறுபடி நிக்கறேனா இல்லையா?"

கைதட்டல் காதைப் பிளந்தது. நான் மட்டும் கைதட்டவில்லை. ஆனால் அம்மாவைப் பற்றிய அந்த வரி வந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தேம்பித் தேம்பி அழுதேன். செயலாளர் என் காதருகே குனிந்தார்.

"நல்லா அழறீங்க அண்ணே. ஆனா தலைவரைவிட அதிகமா வேண்டாம்."

மேடையைக் கழற்றிய மறுநாள் கட்சி அலுவலகத்துக்குப் போனேன். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. வீட்டை எப்பத் தர்றீங்க?"

"எந்த வீட்டை?" என்றார் செயலாளர். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். "அது செத்துப்போன அந்த அம்மாவோட வீடு. அவங்க பிள்ளைக்குத்தானே சேரணும்? நீங்கதான் அந்தப் பிள்ளைன்னு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த எழுத்தர் மிகவும் மரியாதையான பெண். பெரிய ஏட்டைப் புரட்டிக் காட்டினார். என் பிறப்பு எழுதியிருந்த இடத்தில், என் அப்பா அம்மா பெயருக்கு எதிரே, சிவப்பு மையில் தலைவரின் பெயர் இருந்தது.

"அப்ப நான் எங்கே பிறந்தேன்மா?"

"அதுதான் சார் எங்களுக்கும் குழப்பமா இருந்துச்சு. தலைவர் உங்க வீட்டுல பிறந்துட்டார்னா ஆஸ்பத்திரியில ஒரு பிறப்பு ஆளில்லாம நிக்குது. ஏட்டுல ஒரு தடவ பிறந்த குழந்தையை அழிக்க விதியில்ல. இங்க நீங்க உபரியா இருந்தீங்க. அதனால உங்களை அங்க வச்சிருக்கோம்." பக்கத்தைத் திருப்பினார். "மணிக்கூண்டு எதிர்ல, மூணாம் நம்பர் அறை. நல்ல அறை சார், ஏ.சி."

"என்னம்மா அநியாயம்! பஸ் முதலாளி பிள்ளையா நான்?"

"தற்காலிகமாத்தான் சார்" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "திருத்தம் நிரந்தரம் ஆகணும்னா தலைவர் ஒரு படிவத்துல கையெழுத்துப் போடணும். 'இவர் என் தாய் அல்ல'ன்னு, அந்தத் தாயோட முன்னிலையில. முப்பது நாள் கெடு. போடலைன்னா பழைய பதிவே நிக்கும், உங்க வீடு உங்களுக்கே வந்துடும்."

அன்றிலிருந்து நாள் எண்ணினேன். கம்பிச் சுற்றை எண்ண முடியாத நான் நாளை மட்டும் தப்பாமல் எண்ணினேன். தேர்தல் அலைச்சலில் தலைவருக்கு நேரமே இல்லை. பத்து போனது, இருபது போனது. மாடிப்படிக்கு அடியில் என் மனைவி காலையில் கண் விழித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "போட்டுட்டாராமா?" என்பதுதான்.

இருபத்தொன்பதாம் நாள் இருப்புக்கொள்ளாமல் வீட்டைப் பார்க்கப் போனேன். சும்மா போக முடியாது, பார்வையாளர் வரிசையில் நிற்க வேண்டும். அரை மணி நேரம் நின்று அம்மா படத்தின் அருகே வந்தேன். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மாள், நல்ல புடவை, கைத்தடி. காவலாளி, "நகருங்க, நகருங்க" என்று கத்தியும் நகராமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டியவங்களாம்மா?" என்று கேட்டேன்.

"என் பிள்ளையைப் பெத்தவளாம். எப்படி இருக்கான்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

வெளியே வந்து, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு கல்லில் அவரை உட்கார வைத்து, நான் யார் என்பதைச் சொன்னேன். ஏட்டில் இருப்பதையும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படின்னா நீ எனக்குப் பிள்ளையா?"

"காகிதத்துல அப்படித்தாம்மா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு போ!" என்று சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நாளைக்குக் காலையில ஏதோ கையெழுத்துன்னு வர்றானாம். இதுதான் போலிருக்கு. நீயும் வா. பொய் பேசுவான், நாலு கட்சி தாவுவான், எல்லாம் எனக்குத் தெரியும். சின்ன வயசுல காய்ச்சல்னா என் புடவையைப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்குவான். என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு அதுல கையெழுத்துப் போட அவனால முடியாது. உன் வீடு உனக்கு வந்துடும், கவலைப்படாதே."

பெற்றவள் சொல்கிறாள், அதற்கு மேல் என்ன வேண்டும்? வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடி, பீரோவைத் திரும்ப எடுக்க ஆள் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நான் அந்தப் பெரிய வீட்டில் இருந்தேன். எழுத்தர் ஏட்டோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார். பத்து மணிக்குப் பிரசார வேன் வாசலில் நின்றது, ஒலிபெருக்கியை நிறுத்தாமலே. தலைவரும் செயலாளரும் உள்ளே வந்தார்கள். அந்த அம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மகனின் முகத்தைப் பார்த்தார்.

"இளைச்சுப் போயிட்டியே! சாப்பிட்டியா?"

"வழியில பார்த்துக்கறேன்" என்றார் தலைவர்.

எழுத்தர் படிவத்தை மேசையில் வைத்தார். தலைவர் அதைப் படித்தார். ஒரு வரிதான். படித்துவிட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார், அவர் உதடுகூட லேசாகத் துடித்தது. போடமாட்டார், போடவே மாட்டார், இன்றைக்குச் சாயங்காலம் நான் என் கூடத்தில் காலை நீட்டி உட்காரப் போகிறேன் என்று நினைத்தேன்.

தலைவர் செயலாளர் பக்கம் திரும்பினார். "அந்த வீட்டால எத்தனை தொகுதி?"

"நாப்பத்தாறு, தலைவரே."

"கையெழுத்துப் போட்டா இந்த வீடு?"

"போன மாசமே உங்க மச்சான் பேருக்கு மாத்தியாச்சு. அதைப் பத்தி யோசனையே வேண்டாம்."

தலைவர் சட்டைப் பையைத் தடவினார். பிறகு மேசையைப் பார்த்தார். "பேனா இருக்கா?"

யாரும் அசையவில்லை. எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் பக்கத்து அலமாரியைத் திறந்து, ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி மகனிடம் கொடுத்தார். தலைவர் கையெழுத்துப் போட்டார். மை காய ஒருமுறை ஊதினார். எழுத்தர் ஏட்டை மூடும் சத்தத்தில் என் வீடு போனது.

வெளியே ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. தலைவர் எழுந்தார். பழக்கம் விடுமா? குனிந்து அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, பதினாலாந் தேதி மறக்காம வந்து ஓட்டுப் போட்டுடுங்க. என்னை உங்க பிள்ளை மாதிரி நெனச்சுக்கங்க" என்றார்.

என்னிடமும் அதையே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.